ராஜா மூக்கு தெற்கே பார்த்தது

பழைய காசு உண்மையானதாக இருந்தால், அதை ஒரு மணைமேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும். தன்னைக் கடைசியாகச் செலவழித்த ஆள் எந்தப் பக்கம் இருக்கிறாரோ அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். போலிக் காசு வைத்த மாதிரியே கிடக்கும். இணைய ஏலத்தில் விற்பனைக்கு வருகிற அரிய நாணயங்களை நான் இப்படித்தான் சோதித்துச் சான்று கொடுக்கிறேன்.

ராஜா தலையோ ராணி தலையோ போட்ட காசுகளை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன். மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தால் வேலை முடிந்தது. தலையில்லாத காசுகளுக்கும் சான்று எழுதிக் கொடுக்கிறவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. பூவுக்கு எது மூக்கு என்று அவர்களைத்தான் கேட்கவேண்டும்.

எடை போட்டுப் பார்க்கிறவர்கள், காந்தம் வைத்துப் பார்க்கிறவர்கள், சுண்டிவிட்டு ஓசை கேட்கிறவர்கள், வருஷத்தின் கடைசி எண்ணைச் சுரண்டி மாற்றியிருக்கிறார்களா என்று லென்ஸ் வழியாகத் தேடுகிறவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் போலி செய்கிறவனிடமும் தராசு இருக்கிறது, லென்ஸ் இருக்கிறது. வெள்ளியை அவனால் உருக்கி ஊற்ற முடிகிறது. ஏக்கத்தை ஊற்றத்தான் அவனுக்கு வழி தெரியவில்லை.

காசு யாரை நினைக்கும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அருமையான காசு என்று தெரிந்து பீரோவில் பூட்டி வைத்தவரை அது நினைக்காது. ஏலத்தில் பெரிய விலை கொடுத்து எடுத்தவரை ஏறெடுத்தும் பார்க்காது. சும்மா காசுதானே என்று கத்தரிக்காய் வாங்கக் கொடுத்தாரே, அவரைத்தான் நினைக்கும். அவர் இறந்துபோயிருந்தால் திரும்பாது, முகம் கீழே போகும்படி தானே கவிழ்ந்துகொள்ளும். எனக்கு வருகிறவற்றில் பெரும்பாலானவை கவிழ்கிற காசுகள்தான். கவிழ்ந்தாலும் உண்மையானது என்றுதான் எழுதுவேன். விலையில் ஒன்றும் குறையாது.

என் வீடு மதுரையில், சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில். முன்னறை முழுக்க மணைகள், மணைக்கு ஒரு காசு. ஒன்று சேலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், ஒன்று பினாங்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். நடுவே நான் காபி டம்ளரோடு போய்வந்துகொண்டிருப்பேன். இத்தனை வருஷத்தில் ஒரு காசுகூட என் பக்கம் திரும்பியதில்லை. திரும்ப நியாயமும் இல்லை, அவற்றை நான் செலவழிக்கவில்லையே. இருந்தாலும் காய்கறி வாங்கப் போகும்போது பையிலிருக்கும் சில்லறையில் கொஞ்சம் பளிச்சென்று இருப்பதாகப் பார்த்துக் கொடுத்துவிட்டு வருவேன். யாருடைய கல்லாப்பெட்டியிலாவது அது என் வீட்டுப் பக்கம் திரும்பிக் கிடக்கட்டும் என்று ஓர் ஆசை.

கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். சொன்னேன்.

ஏலத்தில் காசு போடுகிறவர்கள் எழுதுகிற விவரங்களைப் படித்தே பாதி ஆட்களைச் சொல்லிவிடலாம். எங்கள் தாத்தாவின் இரும்புப் பெட்டியில் கிடைத்தது என்றுதான் எழுதுவார்கள். அத்தனை தாத்தாக்களுக்கும் அத்தனை இரும்புப் பெட்டிகள் இருந்திருந்தால் வீட்டில் தாத்தா உட்கார இடமே இருந்திருக்காது. அதனால் அருப்புக்கோட்டையிலிருந்து சண்முகக்கனி என்பவர் போட்டிருந்த வெள்ளி ரூபாய் உடனே கண்ணில் பட்டது. மஞ்சள் துணிமேல் வைத்துப் படம் எடுத்திருந்தார். குறைவாகவே வெளிவந்த வருஷத்துக் காசு. கீழே விவரம் என்ற இடத்தில், “நல்ல காசு. அவுக கொடுத்தது” என்று மட்டும் இருந்தது. சூரத்துக்காரர் ஒருவரும் மும்பைக்காரர் ஒருவரும் அதற்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சான்று வந்த பிறகே முடிவு என்று ஏலக் கம்பெனி அறிவித்திருந்தது.

காசுகள் கூரியரில்தான் வரும். சண்முகக்கனி தானே எடுத்துக்கொண்டு வந்தார். என் வயதுதான் இருக்கும். வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவர் என்று சொன்னார். செருப்பை மாடிப்படியில் ஜோடியாக விட்டுவிட்டு, மணைகளை மிதிக்காமல் புடவையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு அறைக்குள் வந்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. முதல் தடவை வருகிறவர்கள் யாரும் அப்படிப் பார்த்து வரமாட்டார்கள்.

“இது விக்கிறதுக்கு இல்ல அண்ணாச்சி,” என்றார். “அவுக எங்க இருக்காகன்னு தெரியணும். அதுக்குத்தான் ஏலத்துல போட்டேன்.”

ஏலத்துக்கு வந்த காசைத் தவிர வேறு காசை நான் மணையில் வைப்பதில்லை. அதை விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் செய்திருக்கிறார். தெற்கத்திப் பக்கம் அண்ணாச்சி என்றால் அண்ணன் என்று அர்த்தமில்லை. மளிகைக்கடைக்காரரைக்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதை நான் எனக்கே ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.

அவர் கணவர் தினசரிக் காலண்டர் ஏஜெண்டு. கல்யாணம் ஆகி இரண்டாவது தீபாவளிக்கு முன்னால், மாதிரிக் காலண்டர்களைப் பையில் போட்டுக்கொண்டு ஆர்டர் பிடிக்கக் கிளம்பியிருக்கிறார். வாசலில் இறங்கும்போது சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது. சண்முகக்கனி அவரை நிற்கவைத்தே தைத்துவிட்டார். தைத்த கூலி என்று சிரித்துக்கொண்டே பையிலிருந்து இந்த ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனவர்தான். அது அரிய காசு என்று அவருக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது. கூலி கொடுத்தால் அது செலவுதான். என் கணக்குப்படி இந்தக் காசு அவரைத்தான் நினைக்கவேண்டும்.

மணையைத் துடைத்துக் காசை வைத்தேன். ராஜா மூக்கு அப்போது வாசலைப் பார்த்து இருந்தது.

“கவுந்துட்டாச் சொல்லுங்க,” என்றார் சண்முகக்கனி. “நான் செவுத்தப் பாத்து உக்காந்துக்கிறேன்.”

அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நான் காசைப் பார்க்கவேண்டியவன் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் இன்ச் டேப் இன்னும் தொங்கியது, கழற்ற மறந்து பஸ் ஏறியிருக்கிறார். காசு கவிழ்ந்துவிடவேண்டும் என்று நான் ஒரு கணம்கூட நினைக்கவில்லை என்று இங்கே எழுதினால் அது போலிச் சான்று ஆகிவிடும். நினைத்தேன். நினைத்துவிட்டு உடனே வேண்டாம் என்றும் நினைத்தேன்.

வழக்கமாகக் காசு திரும்ப ஒரு மத்தியான நேரம் பிடிக்கும். இது அடுப்பில் பால் பொங்குவதற்குள் திரும்பிவிட்டது. மூக்கு என் சமையலறை ஜன்னலைத் தாண்டி நேர் தெற்கே பார்த்தது.

“திரும்பிருச்சு,” என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தபடியே முந்தானையால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டார். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, காபி இருக்கிறதா என்று கேட்டார். குடித்துக்கொண்டே, எங்கள் ஊரும் தெற்கேதானே, நான் இங்கே கிளம்பி வந்த பிறகு ஒருவேளை அவுக வீட்டுக்கு வந்திருந்தால் என்ன செய்வது, சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று அவுகளுக்குத் தெரியாதே என்று பரபரத்தார். நானும் கூட வருகிறேன் என்று சொன்னேன். காசை மணையிலிருந்து எடுத்தால் திசை கலைந்துவிடும் என்று காரணம் சொன்னேன். அது உண்மையான காரணம்தான்.

தூத்துக்குடி பஸ்ஸில் மணையை என் மடிமேல் வைத்துக்கொண்டேன். ஜன்னலோரம் அவர். பஸ் எந்தப் பக்கம் வளைந்தாலும் ராஜா நகர்ந்து மறுபடி தெற்கே பார்த்துக்கொண்டார். மணைக்கு லக்கேஜ் போடவேண்டுமா என்று கண்டக்டர் யோசித்துவிட்டு, மடியில் இருப்பதால் குழந்தைக் கணக்கு என்று விட்டுவிட்டார். அருப்புக்கோட்டை வந்தது. சண்முகக்கனி பாதி எழுந்து நின்று மணையைப் பார்த்தார். மூக்கு இன்னும் தெற்கேயே இருந்தது. அவர் உட்கார்ந்துகொண்டார். தன் ஊர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போகும்போது அவர் வெளியே பார்க்கவே இல்லை.

எட்டயபுரம் தாண்டிக் கரிசல் காட்டு நடுவில் கருவேலம்பட்டி விலக்கு என்ற நிறுத்தத்தை நெருங்கும்போது ராஜா மெதுவாக வலது பக்கம் சாயத் தொடங்கினார். விசில் அடிக்கச் சொல்லி இறங்கினோம்.

ரோட்டோரத்தில் ஒரு டீக்கடை. அதன் பக்கத்தில் சரளைத் தரையில் அவர் கணவர் நின்றுகொண்டிருந்தார். முகம் எங்களைப் பார்த்தபடி இருந்தது. ஒரு கையில் பை. தோளில் ஒரு தினசரிக் காலண்டர் மாட்டியிருந்தது, அன்றைய தேதிவரை சரியாகக் கிழித்திருந்தார்கள்.

டீக்கடை வைத்திருந்தவர் இசக்கியம்மாள் என்ற பெரிய உருவமான பெண். சண்முகக்கனியை மேலும் கீழும் பார்த்தார்.

“அருப்புக்கோட்டையா?” என்று கேட்டார். “நீதானாம்மா அது? ரேசன் போடுற அன்னைக்கு லேசாக் கெழக்க திரும்புவாரு. செவ்வாக்கெழம சாயங்காலம் மேக்க. கோயிலுக்குப் போவியோ?”

“ஆமா. கோயிலுக்குத்தான்.”

“தெரியும். வாரம் தவறுனதில்ல. ஆடி மாசம் ஒரு வாரம் ஆடாம அசையாம நின்னாரு. ஒடம்பு சொகமில்லையோன்னு நாங்கல்லாம் பேசிக்கிட்டோம்.”

ஆடியில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருந்ததாகச் சண்முகக்கனி சொன்னார். அந்த நிறுத்தத்து ஆட்களுக்கெல்லாம் அவரை நன்றாகத் தெரிந்திருந்தது. டீ குடிக்க வந்த இரண்டு பேர் எழுந்து பெஞ்சை அவருக்குக் கொடுத்தார்கள். அவர் உட்காரவில்லை. கணவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அவரும் நின்ற இடத்திலேயே கூடவே ஒரு சுற்றுச் சுற்றினார்.

“நேத்து எங்க போயிருந்த?” என்று கணவர் கேட்டார். “மேக்க ரொம்பத் திரும்ப வேண்டியிருந்துச்சு.”

“சாத்தூர்ல ஒரு கல்யாணம்.”

“அதான பாத்தேன்.”

இத்தனை வருஷம் கழித்துப் பார்க்கிறவர்கள் இதைத்தானா பேசுவார்கள் என்று யாராவது கேட்கலாம். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த இரண்டு பேச்சில் இருந்த ஒட்டுதலை வாழ்நாளில் ஒருமுறை யாராவது என்னிடம் காட்டியிருந்தால், நான் அந்த மணைகளையெல்லாம் விறகுக்குப் போட்டிருப்பேன்.

கணவரின் கதை சுருக்கமானது. அந்த வருஷம் ஆர்டர் எதுவும் அமையவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மனமில்லாமல் அடுத்த ஊர், அடுத்த ஊர் என்று தெற்கே போய்க்கொண்டே இருந்தார். இந்த இடத்துக்கு வந்தபோது உடம்பு தானாக வடக்கே திரும்பிவிட்டது. மனசும் திரும்பிவிட்டது, இப்போதே போகிறேன் என்று காலை எடுத்து வைத்தார். எடுத்து வைத்த கால் எடுத்த இடத்திலேயே விழுந்தது. அன்றிலிருந்து இப்படித்தான்.

“திரும்பச் சொல்லி உத்தரவு வந்துச்சு,” என்றார். “வரச் சொல்லி வரல.”

சண்முகக்கனி அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தார். தான் வேண்டிக்கொண்டதைச் சொன்னார். தீபாவளி முடிந்தும் அவர் வராதபோது, அந்த வெள்ளி ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து கரைமேல் அய்யனாருக்கு நேர்ந்திருக்கிறார். படத்தில் இருந்த மஞ்சள் துணி அதுதான். நான் அழகுக்கு விரித்தது என்று நினைத்திருந்தேன்.

“அவுக திரும்பணும், திரும்புனா இந்தக் காச உண்டியல்ல போட்டுர்றேன்னு சொன்னேன்,” என்றார். “திரும்பணும்னுதான் சொன்னேன் அண்ணாச்சி. எல்லாரும் அப்படித்தான சொல்லுவாக?”

“அப்ப அய்யனாரு கேட்டதக் குடுத்துட்டாரு,” என்றார் இசக்கியம்மாள். “நீதான் காணிக்கையப் போடல.”

வேண்டுதல் எப்போதோ நிறைவேறிவிட்டது. பழைய காணிக்கையைச் செலுத்தாமல் புதிதாக ஒன்றைக் கேட்கமுடியாது. உண்டியலில் போடவேண்டிய காசோ ஏலத்தில் இருந்தது. சூரத்துக்காரர் அந்த நேரத்திலும் விலையை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் உண்மையானது என்று எழுதினால் காசு அவருக்கோ மும்பைக்காரருக்கோ போய்விடும். போலி என்று எழுதினால் சண்முகக்கனியிடமே திரும்பும். ஆனால் நான் இதுவரை பொய்யாக ஒரு சான்றும் எழுதியதில்லை. என்னிடம் இருக்கிற சொத்து அது ஒன்றுதான், அதையும் கொடுக்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது.

அதற்குள் சண்முகக்கனி காசை எடுத்துக் கணவரின் உள்ளங்கையில் வைத்தார். உங்கள் காசு, ஒருமுறை பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் வைத்தார். அவர் விரல்களை மூடித் திறந்தார். நான் காசை வாங்கி மறுபடி மணைமேல் வைத்தேன். அது வைத்த மாதிரியே கிடந்தது. மணையைத் திருப்பினேன், ராஜா மூக்கும் மணையோடு திரும்பி யாருமில்லாத கரிசல் காட்டைப் பார்த்தது. டீ ஆறி ஆடை படிகிறவரை காத்திருந்தேன். அசையவில்லை.

திரும்பாத காசு போலி. போனை எடுத்து அப்படியே எழுதி அனுப்பினேன். சூரத்துக்காரரும் மும்பைக்காரரும் ஆளுக்கொரு அழுகிற முகம் போட்டுவிட்டு விலகிக்கொண்டார்கள். தேடினவரைக் கண்டுபிடித்துவிட்ட காசுக்கு இதைவிட நல்ல சான்று ஒன்று என்னிடம் இல்லை.

அடுத்த பஸ்ஸில் நானும் சண்முகக்கனியும் வடக்கே போனோம். கரைமேல் அய்யனார் கோயில் அருப்புக்கோட்டைக்கு வெளியே ஒரு கண்மாய்க் கரையில் இருக்கிறது. பூசாரி சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சண்முகக்கனி வெள்ளி ரூபாயை உண்டியலில் போட்டார். பாக்கி தீர்ந்தது. இப்போது புதிதாக நேர்ந்துகொள்ளவேண்டும்.

“இந்த வாட்டி சரியாச் சொல்லணும்,” என்றார். “நீங்க எழுதிக் குடுக்கிற ஆளு. நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணாச்சி.”

நான் கவனமாக யோசித்தேன். வரணும் என்று மட்டும் சொன்னால் பஸ் ஸ்டாண்டுவரை வந்து நின்றுவிடலாம். திரும்பி வரணும் என்றால் முதுகைக் காட்டிக்கொண்டு வந்தாலும் வந்ததுதான். கிளம்பணும் என்றால் கிளம்புவார், எங்கே என்று சொல்லமுடியாது. வேறொன்றும் சொல்லியிருக்கலாம். அவர் அங்கேயே சுகமாக இருக்கணும் என்று சொல்லிக் கொடுத்திருந்தால், இந்தப் பெண்ணுக்கு மாதம் ஒருமுறை தெற்கே போகத் துணைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கும். அந்த நினைப்பு வந்து, என் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனது. பிறகு, ஊர்ப் பயணம் போகிற எல்லாருக்கும் எல்லாரும் சொல்கிற வார்த்தையையே சொன்னேன். நல்லபடியாக வீடு வந்து சேரணும். இதில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

“அவுக வீடு வந்து சேரணும்,” என்று சண்முகக்கனி சொல்லிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார்.

மஞ்சள் துணியில் முடிந்துவைக்க ஒரு காசு வேண்டும். அவரிடம் நோட்டுகள்தான் இருந்தன. என் பையிலிருந்து ஓர் ஒற்றை ரூபாயை எடுத்துக் கொடுத்தேன். அதை நான் செலவழித்ததாகக் கணக்கா, சும்மா கொடுத்ததாகக் கணக்கா என்று இன்றுவரை யோசிக்கிறேன். இந்தக் காலத்து ரூபாயில் தலை கிடையாது, சிங்கங்கள்தான். அவை எல்லாப் பக்கமும் பார்க்கின்றன. அதனால் அது என்னையும் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

அவர் மஞ்சள் துணியை முடிந்துகொண்டு, வீட்டைக் கூட்டி உலை வைக்கவேண்டும் என்று கிளம்பினார். போகிறபோது என்னிடம் ஓர் உதவி கேட்டார்.

“அவுக பஸ் ஏறி எத்தன வருசம் ஆச்சு. தனியா வரப் பயப்படுவாக. நீங்க போயிக் கூட்டிக்கிட்டு வாங்க.”

நான் மறுபடி தெற்கே பஸ் ஏறினேன். கருவேலம்பட்டி விலக்கில் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. புதிய வேண்டுதலின் வார்த்தையை அவர் கணவரிடம் சொன்னேன். நல்ல வார்த்தை என்று அவரும் சொன்னார். ஒரு காலை எடுத்து வைத்துப் பார்த்தார், அது எடுத்த இடத்திலேயே விழுந்தது. கொஞ்சம் பொறுங்கள், இப்போதுதானே காசை முடிந்திருக்கிறாள் என்றார் இசக்கியம்மாள்.

நாங்கள் இரண்டு பேரும் வடக்கே பார்த்துக் காத்திருந்தோம். வாசல் கதவு இன்னும் நீலமாகத்தான் இருக்கிறதா என்று அவர் கேட்டார். தெரியாது, நான் அந்த வீட்டுக்குப் போனதில்லை என்றேன். மழை பெய்தால் அடுக்களை மூலையில் ஒழுகும், அதை அடைத்துவிட்டாளா என்று கேட்டார். அதுவும் எனக்குத் தெரியவில்லை. அவர் கேட்கக் கேட்க, அந்த வீட்டில் எனக்குத் தெரியாதவை கூடிக்கொண்டே போயின. தெரியாத வீட்டின்மேல் ஒருவனுக்கு இவ்வளவு ஆசை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முதலில் தெரிந்தது வடக்கே ஒரு பஸ். அது வேகத்தைக் குறைத்து, ரோட்டைவிட்டு இறங்கிக் கரிசலில் ஒதுங்கி நின்றது. கண்டக்டர் குதித்து இறங்கி, வரட்டும் வரட்டும் என்று விசில் கொடுத்தார். அதற்குப் பின்னால் வீடு வந்துகொண்டிருந்தது.

மெதுவாக, வளைவுகளில் நிதானித்து வந்தது. கதவு நீலம்தான். மாடிக் கொடியில் ஜாக்கெட் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அடுக்களையிலிருந்து சாம்பார் வாசனை வந்தது. பொதுச் சுவர் என்பதால் பக்கத்து வீடும் கூடவே வரவேண்டியிருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டே வந்தார்கள். இரண்டு வீடுகளும் டீக்கடைக்கு அடுத்திருந்த காலி இடத்தில், சரளை நொறுங்கும் சத்தத்தோடு உட்கார்ந்தன. இசக்கியம்மாள் தன் பெஞ்சைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

அவுக வீடு வந்து சேர்ந்துவிட்டது.

நீலக் கதவு திறந்தது. சண்முகக்கனி கையில் கரண்டியோடு வாசலில் நின்றார். கணவர் காலை எடுத்து வைத்தார். அது படிமேல் விழுந்தது. அடுத்த காலையும் எடுத்து வைத்தார்.

“வாங்க,” என்றார் சண்முகக்கனி, அவரிடம். பிறகு அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து, “அண்ணாச்சி, நீங்களும் வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க,” என்றார்.

மதுரை பஸ் வருகிற நேரம் என்று சொன்னேன். அவர் மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். உள்ளே போகவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது, அதனால்தான் போகவில்லை. கணவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். உள்ளே நுழைய இடைஞ்சலாக இருந்த காலண்டரைத் தோளிலிருந்து எடுத்து வெளியே ஆணி தேடினார், கிடைக்கவில்லை, இசக்கியம்மாள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் லுங்கியோடு வெளியே வந்து, இது எந்த இடம் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். இங்கே தண்ணீர் எந்தக் கிழமை வரும் என்று கேட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றார் இசக்கியம்மாள். எங்கள் பக்கத்துக்கு இது எவ்வளவோ தேவலை என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

மதுரை பஸ் வந்தது. என் முன்னால் நின்றது. ஏறுவதற்குக் காலை எடுத்து வைத்தேன். அது எடுத்த இடத்திலேயே விழுந்தது. கண்டக்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விசில் அடித்தார்.

இசக்கியம்மாள் காலண்டரை எடுத்துக்கொண்டு வந்தார். அன்றைய தேதி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு என் தோளில் மாட்டினார். என் உடம்பு தானாகத் திரும்பி, நான் நீலக் கதவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். அது பக்கத்தில்தான் இருந்தது.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்றார். “அடுப்புக்கு வெளிச்சம் மறைக்குது.”

தள்ளி நிற்க முடியாது என்று சொன்னேன். அவர் அடுப்பை நகர்த்தி வைத்துக்கொண்டார்.